சூடேறும் பழைய நெட்வொர்க் சுவிட்ச்: காரணமும் பரிகாரமும்

கிராமப் பஞ்சாயத்துகளின் அன்றாட அலுவல்களிற் பெரும்பகுதி இன்று கணினி வழியாகவே நடைபெறுகின்றது. வீட்டு வரி செலுத்துதல், சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றிற்கு விண்ணப்பித்தல், சிட்டா நகல் பெறுதல், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்தல் ஆகிய யாவும் இணையத் தொடர்பை நம்பி நிற்கின்றன. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கண்ணாடி இழைத் திட்டம் பின்னர் பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் அப்பணியை டான்ஃபினெட் நிறுவனம், 12,525 கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கும் நோக்குடன் மேற்கொண்டது.

கண்ணாடி இழை ஊர் வாயில் வரை வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அலுவலகத்துக்குள் அத்தொடர்பைக் கணினிகளுக்கும், அச்சு யந்திரத்துக்கும், நூலகத்துக்கும், கண்காணிப்புக் காமிராவுக்கும் பங்கிட்டு வழங்க ஒரு பெட்டி வேண்டும். அதுவே நெட்வொர்க் சுவிட்ச். பல இடங்களில் இப்பெட்டி புதிதாக வாங்கப்படுவதில்லை. நகரத்து அலுவலகமோ கல்லூரியோ தன் பழைய கருவிகளை மாற்றும்போது நன்கொடையாகவோ குறைந்த விலைக்கோ கிராமத்துக்கு வந்து சேர்கின்றது. அவ்வாறு வந்த பெட்டி சித்திரை வைகாசியில் நடுப்பகலில் சூடேறி நின்றுவிடுதல் அடிக்கடி காணும் குறை. பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றுகள் தேவைப்படும் காலமும் அதுவே. சான்று ஒரு நாள் தாமதித்தால் மாணவன் ஓர் ஆண்டை இழக்க நேரலாம். ஆதலின் இக்குறையை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பதை நாம் இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம்.

பெட்டியின் பணி

காவிரிப் பாசன உழவர்க்கு இப்பெட்டியின் வேலையை விளக்குதல் எளிது. கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரித்து விடப்படுகின்றது. எந்தப் பக்கத்துக்கு நீர் வேண்டுமோ அந்தப் பக்கத்து மதகே திறக்கப்படும். சுவிட்சும் அத்தகையதே. வந்து சேரும் ஒவ்வொரு செய்தித் துணுக்கிலும் எழுதப்பட்டுள்ள முகவரியைப் பார்த்து, அது எந்தக் கணினிக்கு உரியதோ அதன் கம்பிக்கு மட்டும் அனுப்புகின்றது. கம்பி செருகும் வாய்க்குப் போர்ட் என்று பெயர். 8 போர்ட், 24 போர்ட், 48 போர்ட் எனப் பல அளவுகளில் இப்பெட்டிகள் உண்டு.

இவ்வேலைக்குப் பெட்டி மின்சாரத்தை உண்கின்றது. உண்ட மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. பழைய 24 போர்ட் சுவிட்ச் ஒன்று 60 வாட் உண்ணுமாயின், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மூடிய தகரப் பெட்டிக்குள் இரவும் பகலும் எரிய விட்டதற்கு அது ஒப்பாகும். அவ்வெப்பத்தை வெளியேற்ற வல்லது காற்று ஒன்றே. காற்று உள்ளே புக வேண்டும்; சூட்டை ஏற்றுக்கொண்டு வெளியே போக வேண்டும். இப்போக்குவரத்தில் எங்கே தடை நேர்ந்துள்ளது என்று தேடுவதே நம் சோதனையின் சாரம்.

பம்புசெட்டு மோட்டார் வைத்திருக்கும் உழவர்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. மோட்டார் சூடேறினால் மின்னழுத்தம் குறைந்ததா, பேரிங் வறண்டதா, பாரம் மிகுந்ததா, பின்புற விசிறியில் குப்பை அடைத்ததா என்று அவர்கள் வரிசையாகப் பார்ப்பது வழக்கம். அதே நான்கு கேள்விகளையே இங்கும் கேட்கப் போகிறோம்.

பிறந்த இடமும் புகுந்த இடமும்

நகரத்து அலுவலகச் சுவிட்ச் பெரும்பாலும் குளிர்சாதன அறையில் வாழ்ந்தது. அங்கே வெப்பம் 24 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும், தூசியும் குறைவு. அலுவலகத்துக்கென்று செய்யப்படும் பல சுவிட்சுகள், சுற்றியுள்ள காற்று 40 அல்லது 45 டிகிரிக்கு மிகாத இடத்தில் இயங்கவே வகுக்கப்பட்டவை. பெட்டியின் விவரச் சீட்டில் இவ்வெல்லை குறிக்கப்பட்டிருக்கும். திருச்சிராப்பள்ளியிலோ சித்திரை வைகாசி மாதங்களில் நிழலிலேயே 40 டிகிரியை எட்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையோ சிமெண்டு அட்டைக் கூரையோ வேய்ந்த அறையினுள் வெப்பம் அதற்கும் மேலே போகும். அதாவது பெட்டியில் ஒரு பழுதும் இல்லாதபோதே அது தன் எல்லையில் நின்று வேலை செய்கின்றது.

வெப்பத்தோடு தூசியும் சேர்கின்றது. ஆனி ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் பலமாக வீசும். ஆற்று மணலும் சாலைப் புழுதியும் சன்னல் வழியே அறைக்குள் வரும். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் அரிசி ஆலைகளின் உமித்தூசி உண்டு. அறுவடைக் காலத்தில் களத்து வைக்கோல் தூசி எங்கும் பறக்கும். திருவானைக்காவலிலிருந்து கல்லணை செல்லும் சாலையிலுள்ள உத்தமர்சீலி, கிளிக்கூடு முதலான ஊர்கள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்தவை. அங்கே ஐப்பசி கார்த்திகையில் ஈரப்பதம் மிகும். ஈரத்தில் ஊறிய தூசி பெட்டிக்குள் மாவுபோல ஒட்டிக்கொள்ளும், எளிதில் உதிராது.

கிராமத்துக்கு என்றே கருவி வகுக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையம், கிராமங்களுக்கென 128 போர்ட் கொண்ட தானியங்கித் தொலைபேசி இணைப்பகம் ஒன்றை உருவாக்கியது. அது 1986இல் கர்நாடகத்துக் கித்தூரில் நிறுவப்பட்டது. குளிர்சாதனம் இன்றியே கிராமத்து உஷ்ணத்தில் இயங்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பின் முதல் நிபந்தனை. குறைந்த மின்சாரம் உண்ணும் உறுப்புகளைத் தேர்ந்ததால் வெப்பம் பிறப்பதே குறைந்தது. பிறந்த வெப்பத்தை ஓட்டுவதற்கு முன் பிறக்கும் வெப்பத்தைக் குறைக்க வேண்டும் என்னும் இப்பாடம் இன்றைய சுவிட்சுக்கும் முற்றும் பொருந்தும்.

நேரத்தைக் கொண்டு நோயை அறிதல்

பெட்டி நின்றுவிட்டது என்றவுடன் அதனைத் திறக்க முற்படுதல் தவறு. எப்பொழுது நின்றது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். காலம் பல உண்மைகளைச் சொல்லும்.

பகல் 1 மணி முதல் 4 மணிக்குள் நின்று, மாலையில் தானே சரியாகுமாயின் வெப்பமே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பல சுவிட்சுகள் உள்வெப்பம் எல்லை கடந்தால் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும். ஆறிய பின் மீண்டும் இயங்கும்.

மோட்டார்கள் ஓடும் வேளையிலும், ஊரில் விளக்கேற்றும் வேளையிலும் நிற்குமாயின் மின்னழுத்தக் குறைவை ஐயுற வேண்டும்.

குளிர்ந்த காலை நேரத்திலும், இயக்கிய பத்து நிமிடத்தில் சூடேறி நிற்குமாயின் விசிறியோ மின்வழங்கிப் பகுதியோ பழுதுற்றிருக்கும்.

எந்த நேரத்திலும், எல்லா விளக்குகளும் ஒன்றாக மிக வேகமாக மின்னி, ஒரு கணினிக்கும் தொடர்பு கிடைக்காமற் போகுமாயின் அது வெப்பக் குறை அன்று. ஒரே கம்பியின் இரு முனைகளையும் யாரோ அதே சுவிட்சில் செருகியிருப்பர். செய்தி வட்டமிட்டுச் சுற்றிச் சுற்றிப் பெருகி வழியை அடைத்துவிடும். அக்கம்பியை எடுத்தவுடன் குறை தீரும்.

இடி மின்னலுக்குப் பின் ஒன்றிரண்டு போர்ட்டுகள் மட்டும் செத்துப்போயிருந்தால், வெளியே கட்டிடத்துக்குக் கட்டிடம் இழுத்துள்ள செம்புக் கம்பி வழியே மின்பாய்ச்சல் வந்திருக்கும். இதற்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. கட்டிடத்துக்குக் கட்டிடம் கண்ணாடி இழையே ஏற்றது.

வெப்பமானியால் செய்யும் சோதனை

வெப்பக் குறை என்று தெரிந்தபின் ஒரு சாதாரண வெப்பமானியைக் கொண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். முதலாவது, அறையின் நடுவே. இரண்டாவது, பெட்டிக்குள் காற்று புகும் துளைகளின் முன். மூன்றாவது, சூடான காற்று வெளிவரும் துளைகளின் முன். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைத் துளைகளருகே பிடித்தால் எந்தப் பக்கம் காற்று இழுக்கப்படுகின்றது, எந்தப் பக்கம் தள்ளப்படுகின்றது என்பது விளங்கும்.

மூன்று வகை விடை கிடைக்கலாம். அறை 41 டிகிரி, புகும் காற்று 41, வெளிவருவது 51 என்று இருந்தால் பெட்டி தன் கடமையைச் சரியாகச் செய்கின்றது, அறையே குற்றவாளி. அறை 33, புகும் காற்று 33, வெளிவருவது 55 என்று இருந்தால் பெட்டிக்குள் காற்றோட்டம் தடைப்பட்டுள்ளது. அறை 33 ஆக இருக்கப் புகும் காற்றே 42 ஆக இருந்தால், பெட்டி தான் வெளியிட்ட சூட்டையே மீண்டும் இழுத்துக்கொள்கின்றது; வைத்த இடம் தவறு.

இவற்றுள் புகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு மிக முக்கியமானது. பெட்டி உண்ணும் மின்சாரம் மாறாதிருக்க, அவ்வேறுபாடு 10 டிகிரியிலிருந்து 20 டிகிரியாகப் பெருகினால் உள்ளே ஓடும் காற்று பாதியாகக் குறைந்துவிட்டது என்பது பொருள். பெட்டியைத் துடைத்துச் சீராக வைத்த நாளில் இவ்வேறுபாட்டைக் குறித்து வைத்தால், பிற்காலத்தில் ஒரே பார்வையில் நிலையை அறியலாம்.

படிப்படியான பரிகாரம்

முதற்படி, இடம். திருட்டுக்கு அஞ்சிப் பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுதல் பல அலுவலகங்களில் உள்ள வழக்கம். இது சோற்றுப் பானையை மூடித் தீயெரிப்பதற்கு ஒப்பாகும். பூட்டித்தான் வைக்க வேண்டுமெனில் கதவின் அடிப்பகுதியிலும் மேற்பகுதியிலும் கம்பிவலை பதித்த திறப்புகள் வேண்டும். குளிர்ந்த காற்று கீழே புகும்; சூடான காற்று இயல்பாகவே மேலேறி வெளியேறும். பெட்டியின் துளையுள்ள பக்கங்களில் குறைந்தது நான்கு விரற்கிடையாவது இடைவெளி தேவை. மேல்வெயில் தாக்கும் மேற்குச் சுவர் ஆகாது. வடக்குச் சுவர் நன்று. யு.பி.எஸ். பாட்டரியின் மேல் வைக்கலாகாது. பாட்டரியின் சூடும் அமில ஆவியும் பெட்டியைக் கெடுக்கும். தரையிலும் வைக்கலாகாது, நீரும் எறும்பும் அங்கேதான் முதலில் வரும்.

இரண்டாம் படி, தூசி. மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிய பின், உலர்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷினால் துளைகளைத் துடைக்க வேண்டும். கையினால் இயக்கும் ஊதுபையோ சிறிய புளோயரோ பயன்படுத்தலாம். அப்பொழுது விசிறியின் இதழ்களை ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் விசிறி கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் கெடும். சைக்கிள் கடைக் காற்றுக் குழாயில் நீர்த்துளி கலந்து வரக்கூடுமாதலின் அது வேண்டா. ஈரத்துணி அறவே கூடாது. தூசி புகாதிருக்கத் துளைகளின்மேல் துணி கட்டுவோர் உண்டு. அது தூசியோடு காற்றையும் தடுத்து நோயை வளர்க்கும்.

மூன்றாம் படி, விசிறி. வயதான சுவிட்சுகளில் முதலில் தேய்ந்துபோகும் உறுப்பு இதுவே. உறுமல் ஒலி, தயங்கிச் சுழலுதல், தொடக்கத்தில் விரலால் தள்ளினால்தான் ஓடுதல் ஆகியன அதன் அறிகுறிகள். எண்ணெய் இடுதல் சில நாளைக்கே உதவும், மாற்றுவதே தகும். புதிய விசிறி அதே அளவு, அதே வோல்ட், அதே காற்றளவு உடையதாக இருக்க வேண்டும். ஒலி குறைவு என்று மெல்லச் சுழலும் விசிறியை வாங்கிப் பொருத்தினால் காற்று குறைந்து சூடு மிகும். சில விசிறிகளில் இரண்டு கம்பிகளும், சிலவற்றில் மூன்று அல்லது நான்கு கம்பிகளும் உண்டு. மூன்றாவது கம்பி விசிறி சுழல்கிறதா என்பதைச் சுவிட்சுக்குத் தெரிவிப்பது. அஃதில்லாத விசிறியைப் போட்டால் சில சுவிட்சுகள் எச்சரிக்கை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். சில இயங்க மறுக்கும். காற்று வீசும் திசையும் பழையபடியே அமைய வேண்டும். இரண்டு விசிறிகள் ஒன்றையொன்று எதிர்த்து வீசினால் இரண்டும் வீணே.

நான்காம் படி, பாரம். சில சுவிட்சுகள் செய்தியோடு மின்சாரத்தையும் அதே கம்பி வழியே அனுப்பும். கண்காணிப்புக் காமிராக்களை இவ்வாறு இயக்குவர். 2003இல் வகுக்கப்பட்ட முறைப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரையும், 2009இல் விரிவாக்கப்பட்ட முறைப்படி 30 வாட் வரையும் வழங்கலாம். அம்மின்சாரத்தின் பெரும்பகுதி காமிராவுக்குப் போய்விடினும், மாற்றி அனுப்புவதில் நேரும் இழப்பு பெட்டிக்குள்ளேயே வெப்பமாகத் தங்கும். சோதிக்கும் முறை எளிது. கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு மின்சாரத்தில் மட்டும் ஒரு மணி நேரம் இயக்குக. சூடு தணிந்திருந்தால் பாதிக் கம்பிகளைச் செருகி மீண்டும் அளக்க. எந்தப் பாதியில் சூடு ஏறுகிறதோ அதில்தான் பாரம் உள்ளது. காமிராக்களுக்குத் தனி மின்வழங்கி வைத்துவிட்டால் சுவிட்சின் சுமை குறையும்.

ஐந்தாம் படி, மின்சாரம். சுவிட்சின் மின்வழங்கி எந்த அழுத்தத்திலும் தனக்கு வேண்டிய வாட் அளவை எடுத்தே தீரும். 230 வோல்ட் 160 வோல்ட்டாகத் தாழ்ந்தால், எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.4 மடங்காக உயரும். மின்வழங்கி அதற்கேற்பச் சூடேறும். மல்டிமீட்டரால் காலை, நடுப்பகல், இரவு என மூன்று வேளை அளந்து குறித்தால் உண்மை விளங்கும். குறைவு நிலையாக இருந்தால் மின்வாரிய அலுவலகத்துக்கு அக்குறிப்போடு எழுதலாம். தரமான யு.பி.எஸ். வழியே இணைத்தலும், எர்த் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்தலும் வேண்டும்.

ஆறாம் படி, முதுமை. பம்புசெட்டுப் பெட்டியில் கண்டன்சர் உப்பிப் போவதை உழவர் கண்டிருப்பர். சுவிட்சின் மின்வழங்கியிலும் சிறு கண்டன்சர்கள் உண்டு. உள்ளிருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல வற்றும். 10 டிகிரி வெப்பம் கூடினால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் விதி. தலைப்பகுதி உப்பியிருத்தல், பழுப்பு நிறக் கசிவு, கருகிய நாற்றம் ஆகியவை முடிவு நெருங்கியதைக் காட்டும். இதனை மாற்றுதல் பயிற்சி பெற்றவர் வேலை.

கை வைக்கலாகாத இடங்கள்

பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்வழங்கியின் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்தானது. ஆகவே மேல்மூடியைத் திறப்பதும், மின்வழங்கிப் பகுதியைத் தொடுவதும் பஞ்சாயத்துப் பணியாளரின் வேலை அல்ல. புறத்தே துடைத்தல், இடம் மாற்றுதல், அளத்தல், கம்பிகளைச் சீர்செய்தல் ஆகியவற்றோடு நாம் நின்றுவிட வேண்டும். திருச்சிராப்பள்ளி நகரில் இத்தொழிலறிந்த பழுதுபார்ப்போரிடம் கொண்டு சென்று காட்டலாம். அளந்த குறிப்புகளையும் உடன் கொண்டு சென்றால் அவர்க்கு வேலை எளிதாகும்.

பாரத்நெட் திட்டத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ள ரூட்டர், யு.பி.எஸ். முதலியவற்றைத் திறக்கவோ இடம் மாற்றவோ கூடாது. அவ்வறையைத் தூய்மையாகவும் காற்றோட்டத்தோடும் வைத்துக்கொண்டு, குறை காணின் உரியவர்க்குத் தெரிவித்தலே முறை.

ஒரு நாள் அவசரத்துக்கு மேசை விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைக்கலாம். அதனைப் பரிகாரம் என்று எண்ணிக் கோடை முழுதும் ஓட்டுதல் கூடாது. ஈரச் சாக்கு போர்த்துதல், பனிக்கட்டி வைத்தல் முதலியன பெருந்தவறு. குளிர்ந்த உலோகத்தில் நீர் கசிந்து மின்கசிவு நேரும்.

பழைய பெட்டியை ஏற்கும் முன்

இலவசமாக வருகின்றது என்பதால் எதனையும் ஏற்றுக்கொள்ளுதல் சிக்கனம் ஆகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 வாட் உண்ணும் பெட்டி ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 525 யூனிட் மின்சாரம் செலவாகும். விசிறியே இல்லாத புதிய 8 போர்ட் சுவிட்ச் சுமார் 5 வாட் உண்பது; ஆண்டுக்கு 44 யூனிட் போதும். வேறுபாடு சுமார் 480 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்குக்காகக் கொண்டால் ஆண்டுக்கு 3,800 ரூபாய்க்கு மேல் ஆகின்றது. இலவசப் பெட்டி ஆண்டுதோறும் இத்தொகையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதோடு அத்தனை வெப்பத்தையும் அறைக்குள் கொட்டும். இரண்டு கணினி, ஓர் அச்சு யந்திரம், ஒரு காமிரா என்று நான்கைந்து போர்ட்டே தேவைப்படும் அலுவலகத்துக்கு 24 போர்ட் பெட்டி ஏர் உழவேண்டிய சிறு வயலுக்கு யானையைப் பூட்டியது போலாகும்.

பள்ளிக் கணினி அறை போன்ற இடங்களில் பெரிய சுவிட்ச் உண்மையாகவே பயன்படும். அங்கே பழையதை ஏற்பதில் தவறில்லை. ஏற்குமுன் இவற்றைப் பார்க்க வேண்டும். விவரச் சீட்டில் இயங்கும் வெப்ப எல்லை என்ன? உண்ணும் வாட் எவ்வளவு? விசிறிகள் எத்தனை, அவற்றிற்கு மாற்று கிடைக்குமா? நம் அறையில், நம் மின்சாரத்தில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்தோமா? பழைய உரிமையாளர் வைத்திருந்த அமைப்பும் கடவுச்சொல்லும் அழிக்கப்பட்டுப் புதிய கடவுச்சொல் இடப்பட்டதா? பஞ்சாயத்து நிதியில் வாங்குவதாயின் கொள்முதல் விதிகளுக்கு உட்பட்டே வாங்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பயன் தீர்ந்த பெட்டியைக் குப்பை மேட்டில் எரித்தலும் ஆற்றங்கரையில் எறிதலும் நிலத்துக்கும் நீருக்கும் கேடு. இதிலுள்ள ஈயம் முதலியன காவிரிக் கரை மண்ணில் இறங்கலாகாது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அதனைச் சேர்ப்பிக்க வேண்டும்.

பொறுப்பும் குறிப்பேடும்

எல்லோர்க்கும் பொதுவான பொருளை ஒருவரும் கவனிப்பதில்லை. ஆகவே ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாளர் ஆக்குதல் நலம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அதில் நாள், நேரம், அறை வெப்பம், புகும் காற்று, வெளிவரும் காற்று, வோல்ட் அளவு, செய்த வேலை என ஏழு பத்திகள் வரைந்து மாதம் ஒரு முறை எழுத வேண்டும். குறை நேர்ந்த நாளில் தவறாது எழுத வேண்டும்.

ஆண்டுக்கு நான்கு முறை சிறப்பான பார்வை தேவை. மாசியில், அறுவடைத் தூசி அடங்கிய பின் முழுத் துடைப்பு. பங்குனி முடிவில், கோடைக்கு முன் விசிறிச் சோதனையும் வெப்ப அளவையும். ஆவணியில், மேல்காற்றுப் புழுதி ஓய்ந்தபின் மீண்டும் துடைப்பு. புரட்டாசியில், மழைக்கு முன் கூரை ஒழுக்கு, எர்த், வெளிக்கம்பிகள் ஆகியவற்றின் பார்வை. பயன்படாத போர்ட் வாய்களை ரப்பர் மூடியால் அடைத்து வைத்தால் எறும்பும் பல்லியும் புகா.

அறையைக் குளிர்விக்கும் வழிகளையும் பஞ்சாயத்து எண்ணலாம். கூரையின்மேல் வெண்சுண்ணம் பூசுதல், மேற்குப் பக்கம் வேம்பு நடுதல், சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போக்கி அமைத்தல் ஆகியவை சிறு செலவில் முடிபவை. பெட்டிக்கு மட்டுமன்றி, சான்றுக்காகக் காத்து நிற்கும் மக்களுக்கும், நாள் முழுதும் அங்கே அமர்ந்து பணிபுரிவோருக்கும் அவை நன்மை தரும்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேச வேண்டிய வினாக்கள்

1. நம் அலுவலகத்துச் சுவிட்ச் எத்தனை வாட் உண்கின்றது? நமக்கு உண்மையில் எத்தனை போர்ட் தேவை?

2. சென்ற கோடையில் இணையத் தொடர்பு எத்தனை நாள், எந்தெந்த வேளையில் நின்றது? அதனால் யார் யார் வேலை தடைப்பட்டது?

3. பெட்டி வைத்துள்ள இடத்தில் காற்று எந்த வழியே புகுந்து எந்த வழியே போகின்றது?

4. குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதி முடிக்கும் பஞ்சாயத்துக்குப் பெட்டியின் நோய் பெரும்பாலும் விளங்கிவிடும். பங்குனி பிறக்கும் முன் அதனைச் செய்து முடித்தல் சாலச் சிறந்தது.